சுவாதீனம்

கெமண்டைன், ரங்கூன்
1922 ஜூன் 2

சின்னவருக்கு அப்பாயி எழுதுவது.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் கீர்த்தியை எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு. உன் அண்ணன் செல்லக்கண்ணு ரயில்வே தந்திப் பரீட்சையில் தேறிவிட்டான். இன்சீன் ஸ்டேஷனில் வேலை. "நான் இங்க ஒத்தை விரலால தட்டினா மாந்தளையில கேக்கும் அப்பாயி" என்று பீற்றிக்கொள்கிறான். உன் அத்தை மகள் தங்கமணி பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராகிவிட்டாள். பர்மாக்காரப் பிள்ளைகள் அவளைச் சயாமா என்று கூப்பிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. உன் தங்கை கமலாட்சிக்குத் தையலில் முதல் பரிசு, ஒப்புவித்தலில் முதல் பரிசு. கணக்கில் மட்டும் ஒன்றும் இல்லை. அந்தக் கணக்கு வாத்தியாருக்கு நம்மைப் பிடிக்காது, வேறு காரணம் கிடையாது.

எல்லாருக்கும் மேலே நீ. கப்பலேறி அயர்லாந்து போய் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை இந்தத் தெருவில் வேறு யார் வீட்டில் இருக்கிறது? அதுவும் கத்தி பிடிக்கிற டாக்டர். படகுத்துறையில் மீன் விற்கிற டோ ம்யாவுக்குக்கூட இது தெரியும். நான்தான் சொன்னேன்.

போன வருஷம் நீ அனுப்பிய போட்டோவைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். இடது கையை நாற்காலி முதுகில் வைத்துக்கொண்டு நிற்கிறாய். விரல் ஒவ்வொன்றும் பெரியவருடைய விரல், அப்படியே நீளம். வருகிறவர்களிடமெல்லாம் முதலில் விரலைத்தான் காட்டுகிறேன், முகத்தை அப்புறம்.

உறை மேல் உன் பெயரைக் கமலாட்சிதான் எழுதுகிறாள். பெரியவர் பெயரை உனக்கு வைத்துவிட்டார்கள். கட்டிய புருஷன் பெயரை நான் வாயாலும் சொல்ல முடியாது, கையாலும் எழுத முடியாது. அவர் போய் இத்தனை வருஷமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. நீ சின்னவர்தான்.

மழை பிடித்துக்கொண்டது. படத்தில் ஈரம் ஏறி ஓரம் பழுக்கிறது. புதுசாக ஒன்று பிடித்து அனுப்பு.

அப்பாயி சொர்ணம்மாள்


டன்கேரா, அயர்லாந்து
1922 ஜூலை 9

அன்புள்ள அப்பாயிக்கு,

உங்கள் கடிதம் கல்லூரி விலாசத்துக்குப் போய், அங்கிருந்து சுற்றி இங்கே வந்தது. அண்ணனுக்கும் தங்கமணிக்கும் என் சந்தோஷத்தைச் சொல்லுங்கள். கமலாட்சியிடம் கணக்கை விட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கல்லூரியை மூடிவிட்டார்கள். அதனால் என் ஆசிரியர் டாக்டர் கில்லனுடன் அவருடைய சொந்த ஊருக்கு வந்திருக்கிறேன். மேற்கே, கடலோரம். இப்போது நாங்கள் தங்கியிருப்பது ஒரு பழைய கோட்டையில். நிஜமான கோட்டை அப்பாயி, கல் சுவர், மேலே கோபுரம், உள்ளே கிணறு. இங்கே சிலருக்கு உடம்பு சரியில்லை, டாக்டருக்கு நான் ஒத்தாசை.

இந்த ஊர் நடப்பை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. போன வருஷம் வரை ஒன்றாக நின்று இங்கிலீஷ்காரனை எதிர்த்தவர்கள் இப்போது இரண்டு கட்சியாகிவிட்டார்கள். ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். போட்டது சரிதான் என்கிறது ஒரு கட்சி. கையெழுத்தே செல்லாது என்கிறது மற்றது. இந்தக் கோட்டை இரண்டாவது கட்சியின் கையில் இருக்கிறது. முதல் கட்சி வெளியே நின்றுகொண்டு காலி செய்யச் சொல்கிறது. இதற்கு இங்கே சிவில் சண்டை என்று பெயர். தமிழில் என்ன சொல்வார்களோ, எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

எனக்கு ஒரு குறையும் இல்லை. உருளைக்கிழங்கு நிறைய. மழை ரங்கூன் மழைபோல் கொட்டாது, நசநசவென்று நாள் முழுக்க. இங்கே போட்டோ பிடிக்க ஆள் இல்லை. டப்ளின் போனதும் பிடித்து அனுப்புகிறேன்.

உங்கள்
அப்பாசாமி


கெமண்டைன்
1922 ஆகஸ்ட் 8

சின்னவருக்கு,

கோட்டையா! எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். என் பேரன் கோட்டையில் இருக்கிறான் என்று இப்போது கெமண்டைன் முழுக்கத் தெரியும். "கோட்டைக்கு வாடகை எவ்வளவு?" என்று செல்லக்கண்ணு கேட்டான். விருந்தாளியிடம் யார் வாடகை கேட்பார்கள் என்று அதட்டிவிட்டேன்.

சிவில் என்று எழுதியிருக்கிறாய். இதில் எனக்கு நீ வார்த்தை தேட வேண்டாம். சிவில் பற்றி எனக்குத் தெரிந்தது இந்த வக்கீல்களுக்குக்கூடத் தெரியாது. கிரிமினல் என்றால்தான் பயப்பட வேண்டும், ஜெயில் உண்டு. சிவிலில் ஒருத்தன் தலைமயிர்கூட உதிராது. பத்திரம், கையெழுத்து, செல்லும், செல்லாது, காலி செய்: எல்லாம் நான் பார்த்ததுதான். இந்த வீட்டுக்காகத் தின்கன்ஜூனில் இருக்கிற என் கொழுந்தனார் என் மேல் கேஸ் போட்டாரே, அது என்ன? கூடப் பிறந்தவர்கள் ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டு மறுநாள் கோர்ட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். உன் அயர்லாந்துக்காரர்களும் அந்த ரகம்தான். நீ சாட்சிக் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதே. இரண்டு தரப்பு வக்கீலும் உன்னைக் கூண்டில் ஏற்றி உயிரை எடுப்பார்கள். எந்தக் கோர்ட்டில் நடக்கிறது, வாய்தா எப்போது என்று எழுது.

தாள் தீர்ந்துவிட்டது. இன்னொன்று எடுக்கிறேன்.

இனிமேல் எழுதுவதுதான் முக்கியம், இதை நெஞ்சில் வைத்துக்கொள். என்ன வந்தாலும் வெளியே வராதே. எவன் வந்து தட்டினாலும் கதவைத் திறக்காதே. நல்லவன்போல் பேசுவான், வெளியே வாருங்கள் பேசிக்கொள்ளலாம் என்பான், ஒரு காலை வெளியே வைத்தாயோ, போச்சு. நான் அப்படித்தான் நின்றேன். என் கூடப் பிறந்தவன் கல்யாணத்துக்குக்கூட நாகப்பட்டினம் போகவில்லை. அக்கம்பக்கமெல்லாம் பைத்தியக்காரி என்றது. கடைசியில் ஜெயித்தது யார்? உள்ளே இருந்தவள்தான். அன்றைக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே வார்த்தை இதுதான், நான் உனக்குச் சொல்கிறேன்: எதை விட்டாலும் சுவாதீனம் விடாதே. உன்னோடு இருக்கிறவர்களுக்கும் அப்பாயி சொன்னதாகச் சொல்.

கோட்டை வாசலில் நின்று ஒரு போட்டோ பிடித்து அனுப்பு. கோபுரம் தெரிய வேண்டும்.

அப்பாயி


டன்கேரா
1922 செப்டம்பர் 6

அன்புள்ள அப்பாயி,

நான் உங்களைக் குறைவாக நினைத்திருந்தேன். மன்னியுங்கள். நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று நினைத்துத்தான் போன கடிதத்தில் பூசி மெழுகி எழுதினேன். நீங்கள் எல்லாவற்றையும் வரிகளுக்கு நடுவிலேயே படித்துவிட்டீர்கள். அதனால் இனி மறைக்காமல் எழுதுகிறேன்.

வெளியே நிற்கிறவர்கள் இப்போது கோட்டையைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். பீரங்கி ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. டாக்டர் கில்லனுக்கு நெஞ்சு வலி வந்து ஆகஸ்டிலேயே ஊருக்குள் தூக்கிப் போய்விட்டார்கள். வைத்தியம் தெரிந்தவன் இங்கே நான் ஒருவன்தான். அரைப் படிப்பு வைத்தியம். குண்டடி பட்ட இரண்டு பேர் என்னிடம் இருக்கிறார்கள், அசைக்க முடியாது.

உங்கள் கடிதம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். இந்த ஊர்த் தபால்காரன் பாட்சியின் தம்பி கோட்டைக்கு உள்ளே, மைத்துனன் வெளியே. அதனால் அவன் பையை மாட்டிக்கொண்டு வந்தால் இரண்டு பக்கமும் சுடுவதை நிறுத்திவிடுவார்கள். "பாட்சி, என் பொண்டாட்டி எழுதியிருக்காளா?" என்று வெளியிலிருக்கிற சிப்பாய் கேட்பான். "உனக்கு எவ எழுதுவா, போடா" என்று உள்ளேயிருந்து ஒருவன் கத்துவான். சிரிப்பார்கள். பிறகு மறுபடியும் சுடுவார்கள். எனக்கு ஒன்றும் புரிவதில்லை அப்பாயி.

அன்றைக்குப் பாட்சி ஓடையில் வழுக்கி விழுந்துவிட்டான். உங்கள் முதல் தாள் முழுக்க நீல மையாய்க் கரைந்துபோயிற்று, ஓர் எழுத்துகூடத் தேறவில்லை. இரண்டாவது தாள் மடிப்புக்குள் இருந்ததால் தப்பியது. "இனிமேல் எழுதுவதுதான் முக்கியம்" என்று தொடங்குகிற தாள்.

உங்களிடம் ஓர் உண்மை சொல்கிறேன். அன்று காலையில் வெளியே இருக்கிற அதிகாரி, ஆயுதம் எடுக்காதவர்கள் மத்தியானத்துக்குள் வெளியே போய்விடலாம், யாரும் தொடமாட்டார்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார். நான் பையைக் கட்டிவிட்டேன். இது என் ஊரா, என் சண்டையா என்று என்னையே கேட்டுக்கொண்டு கட்டினேன். காயம்பட்ட இரண்டு பேரும் நான் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்கள். அப்போதுதான் பாட்சி வந்தான்.

படித்தேன். ஒரு காலை வெளியே வைத்தாயோ, போச்சு. சுவாதீனம் விடாதே. அப்பாயி, இந்த ஊர்க்காரர்கள் எழுநூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரே வார்த்தை அது. சுதந்திரம், சுவாதீனம், எப்படிச் சொன்னாலும் அதுதானே. ஐந்தாம் வகுப்பு படித்த நீங்கள் கெமண்டைனில் உட்கார்ந்துகொண்டு அதை எழுதியிருக்கிறீர்கள். "உன்னோடு இருக்கிறவர்களுக்கும் சொல்" என்றும் எழுதியிருந்தீர்கள். இங்கிலீஷில் சொன்னேன். ஒருவன் அடுப்புக் கரியால் அதைச் சுவரில் எழுதிவிட்டான். கீழே "அப்பாசாமியின் பாட்டி" என்று உங்கள் பட்டமும் இருக்கிறது.

பையை அவிழ்த்துவிட்டேன். இதைப் பாட்சியிடம் கொடுத்தனுப்புகிறேன். போட்டோ இப்போது இல்லை.

அப்பாசாமி


கெமண்டைன்
1922 அக்டோபர் 10

சின்னவருக்கு,

உன் கடிதத்தைக் கமலாட்சி படித்தாள். பிறகு நான் படித்தேன். பிறகு மறுபடியும் படித்தேன். நான் எப்போது உன்னைப் பீரங்கிக்கு முன்னால் நிற்கச் சொன்னேன்?

லத்தா தெருவில் குடைக்கடை வைத்திருக்கிற பர்கத்துல்லா மரைக்காயரிடம் போனேன். அவர்தான் பேப்பர் முழுக்கப் படிக்கிறவர். செல்லக்கண்ணு வேலைக்குப் போய்விட்டான். தங்கமணியும் கமலாட்சியும் பள்ளிக்கூடத்தில். இந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் வெளியே இறங்கியது கேஸ் தொடங்கிய நாளுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. யாராவது ஒருத்தர் உள்ளே இருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே காலம் போய்விட்டது. டிராமில் ஏறும்போதுகூடப் பூட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"தம்பி, சிவில்னா என்ன?" என்றேன்.

"சிவில்னா கோர்ட்டு வியாஜ்ஜியம், உங்களுக்குத் தெரியாததாக்கா?" என்றார்.

"சிவில் சண்டைன்னா?"

அவர் குடையை மடித்துக் கீழே வைத்தார். "யாரு சொன்னா?"

"அயர்லாந்துல."

"அக்கா, அது கோர்ட்டு இல்லக்கா. ஊரே ரெண்டாப் பொளந்துக்கிட்டு சுட்டுக்கிறது. அண்ணனைத் தம்பி சுடுறான். பேப்பர்ல தெனமும் வருது."

"அண்ணன் தம்பி சண்டைன்னுதான் நானும் சொல்றேன். சுடுறாங்கன்னு ஏன் சொல்றீங்க?"

"சுடுறாங்களே, நான் என்ன செய்ய?"

அந்த மனுஷன் மேல் கோபப்பட்டு என்ன பிரயோசனம்? எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அவர் பெண்சாதி லத்தீபா உள்ளேயிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது மாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே ஒன்றும் தெரியவில்லை.

சின்னவரே, கேள். அந்த முதல் தாள் உன் கைக்கு வந்திருந்தால் நீ சிரித்திருப்பாய். அதில் முழுக்க வக்கீலும் வாய்தாவும்தான். உன் சண்டையை நான் வீட்டு வழக்கு என்று நினைத்தேன். சுவாதீனம் என்று நான் எழுதியது வீட்டுச் சுவாதீனம். வழக்கு நடக்கிறபோது வீட்டில் குடியிருப்பவன் வெளியேறக் கூடாது என்று என் வக்கீல் சொன்னாரே, அந்தச் சுவாதீனம். வேறு சுவாதீனம் எனக்குத் தெரியாது. நான் வீரம் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் எழுதியதை அழிக்கச் சொல்.

வெளியே வா. தட்டுகிறவன் யாராக இருந்தாலும் கதவைத் திற. கையைத் தூக்கிக்கொண்டு வா. அப்பாயி சொன்னாள் என்று சொல்லு. இந்தக் கடிதம் போய்ச் சேருவதற்குள் என்னென்ன ஆகுமோ. இதை ஒரே தாளில் எழுதியிருக்கிறேன், ஓரத்திலெல்லாம் எழுதியிருக்கிறேன், அடுத்த தாளுக்குப் போகவில்லை.

பெரிய தபாலாபீசுக்கு நானே கொண்டுபோகிறேன். போட்டோ வேண்டாம். ஒரு வரி போதும்.


டப்ளின்
1922 நவம்பர் 16

அன்புள்ள அப்பாயி,

ஒரு வரி: நன்றாக இருக்கிறேன்.

இனி மற்றது. செப்டம்பர் மாதமே கோட்டை விழுந்துவிட்டது. உங்கள் அக்டோபர் கடிதம் அதற்கு வெகுநாளைக்குப் பிறகுதான் என்னிடம் வந்தது. பீரங்கி வடக்குச் சுவரை உடைத்தது. நாங்கள் வெள்ளைத் துணி காட்டினோம். என்னைக் கொஞ்ச நாள் அடைத்து வைத்தார்கள். வைத்திய மாணவன் என்று டாக்டர் கில்லன் வந்து சொன்னதும் விட்டுவிட்டார்கள். கோட்டையைப் பிடித்த அதிகாரி என்னோடு கை குலுக்கினார். நான் கட்டுப் போட்ட ஒருவனுக்கு அவர் பெரியம்மா மகனாம். யார் யாருக்கு எதிரி என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

என்னிடம் இருந்த இரண்டு பேரில் ஒருவன் தடி ஊன்றி நடக்கிறான். சுவர் விழுந்தபோது அவனை இழுத்துவிட முடிந்தது. இன்னொருவனை முடியவில்லை.

உங்கள் விளக்கத்தைப் படித்துச் சிரித்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் சிரித்தேன். வக்கீல், வாய்தா எல்லாம் அந்த நீல மைக்குள் இருந்திருக்கிறதே! ஆனால் அப்பாயி, நீங்கள் உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். நான் அந்தத் தாளைத் தப்பாகப் படித்தேனா, சரியாகப் படித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. முதல் தாள் கரையாமல் வந்திருந்தால் நான் மத்தியானத்துக்குள் வெளியே போயிருப்பேன். இப்போது நடக்கிறவனும் அந்தச் சுவருக்கு அடியில் இருந்திருப்பான். இதை எத்தனை தடவை புரட்டிப் பார்த்தாலும் கணக்கு நேராக வரவில்லை. கமலாட்சிக்கும் எனக்கும் ஒரே வாத்தியார்போலிருக்கிறது.

படிப்பில் ஒரு சின்ன மாற்றம். கத்தி பிடிக்கிற பக்கம் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. மருந்து கொடுக்கிற பக்கம் போகிறேன். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிற டாக்டர். அதுவும் டாக்டர்தான், தெருவில் தைரியமாகச் சொல்லலாம்.

நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்த போட்டோ இதோடு வருகிறது.

அப்பாசாமி


கெமண்டைன்
1922 டிசம்பர் 19

சின்னவருக்கு,

போட்டோ வந்தது. வீடே ஓடி வந்து பார்த்தது. இளைத்துவிட்டாய் என்றாள் தங்கமணி. மீசை வைத்திருக்கிறான் என்றாள் கமலாட்சி. டோ ம்யா மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்து, பையன் நல்ல அழகு என்று பர்மாவில் சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லாரும் பார்த்து முடித்த பிறகு நான் பார்த்தேன். பழைய படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே நாற்காலிபோல ஒரு நாற்காலி. ஆனால் இடது கை நாற்காலி மேல் இல்லை, கோட்டுப் பைக்குள் இருக்கிறது.

"அது ஸ்டைல் அப்பாயி. தொரைமாரெல்லாம் அப்பிடித்தான் நிப்பாங்க" என்றான் செல்லக்கண்ணு. "ஆமாண்டா" என்றேன்.

நீ சின்னப் பிள்ளையாகப் படகுத்துறைக் கம்பியில் கையைக் கிழித்துக்கொண்டு வந்த அன்றும் இப்படித்தான் பைக்குள் கையை விட்டுக்கொண்டு வந்து நின்றாய். "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்ல அப்பாயி, நல்லாத்தான் இருக்கேன்" என்றாய். சட்டை நனைந்து சிவந்த பிறகுதான் தெரிந்தது. நன்றாக இருக்கிறேன் என்று நீ முதல் வரியில் எழுதியதுமே எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வந்தது. கத்தி பிடிக்கிற படிப்பு வேண்டாம் என்று தோன்றிவிட்டதாம். ஆறு வயதிலிருந்து தவளையை அறுத்துப் பார்த்தவனுக்கு அது எப்படித் தோன்றும்?

நான் உன்னைக் கேள்வி கேட்கவில்லை. நீயும் பதில் எழுத வேண்டாம். நடக்கிற அந்தப் பையன் யாரோ, அவனுடைய அப்பாயி யாரோ, அவள் அங்கே ஒரு விளக்கை ஏற்றி வைத்திருப்பாள். அதை நினைத்தால் நான் எழுதியது நல்லது என்று தோன்றுகிறது. படத்தில் உன் கோட்டுப் பையைப் பார்த்தால் என் கையை அடுப்பில் வைக்கலாம் என்று தோன்றுகிறது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. உனக்கே கணக்கு வரவில்லை, எனக்கு எங்கே வரும்?

தெருவில் கேட்கிறார்கள். செல்லக்கண்ணு இன்சீன் ஸ்டேஷனில், தங்கமணி டீச்சர், கமலாட்சிக்குப் பரிசு என்று வழக்கம்போல் ஒப்பித்துக்கொண்டு வருவேன். உன் இடம் வரும்போது, குண்டு விழுகிறபோதும் நோயாளியை விட்டு எழுந்து வராத டாக்டர் என்று சொன்னேன். "அந்தச் சண்டைல கடைசில யாரு ஜெயிச்சா அக்கா?" என்றார் மரைக்காயர். உள்ளே இருந்தவர்கள்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். தெரியாது தம்பி என்றேன்.

இந்தக் கடிதம் கமலாட்சிக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. அதனால் உறை மேல் பெயரை நானே எழுதினேன். கையில் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதிவிட்டேன். அப்பாசாமி. இதோ இங்கேயும் எழுதுகிறேன், அப்பாசாமி. பெரியவர் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

பழைய படம் கூடத்தில் அப்படியேதான் இருக்கும், கழற்றமாட்டேன். நீ இப்போது அனுப்பியதை மாட்டவில்லை, பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அதற்காகச் சுவரில் அடித்த ஆணி காலியாக இருக்கிறது. இந்தத் தடவை நான் எழுதுவதை வேறு விதமாகப் படிக்க இடமே இல்லை, ஒரே தாள்தான்: கையை வெளியே எடு. மீதி எத்தனை விரலோ அத்தனையும் தெரிகிற மாதிரி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு, புதுசாக ஒரு போட்டோ பிடித்து அனுப்பு.